அம்சா அக்கா இப்போது லைவில்

சிரிப்பு வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஒன்று வரும், சத்தியமாக, மத்தியானமே ஏற்பாடு செய்து வைத்துவிட்டேன், ஆனால் இப்போது இல்லை, கொஞ்சம் பொறுங்கள், இப்போது நான் அம்மாவாக இருக்கிறேன். வணக்கம் என் அன்புத் தங்கச்சிங்களா, நான் உங்க அம்சா அக்கா பேசறேன் இளம்பிள்ளையில இருந்து, எல்லாரும் சாப்ட்டாச்சா, உள்ள வந்ததும் ஒரு லைக் போட்டுருங்க, புதுசா வந்தவங்க பேஜை ஃபாலோ பண்ணிக்கங்க. மேஜைக்கு மேலே கம்பியில் கவிழ்ந்து தொங்குகிற போன் என்னைப் பார்ப்பதில்லை, மேஜையை மட்டும் பார்க்கிறது. தொடங்கிய நாளிலிருந்தே அப்படித்தான். முகம் வேண்டாம், ஊருக்குள்ள ஆளுக்கொண்ணு பேசுவாங்க, குரல் போதும், உன் குரலுக்கே சேலை ஓடும் என்று அப்பா அம்மாவிடம் சொன்னார், ஓடியது. ஆகவே திரையில் தெரிவது ஒரு சேலை, அதை நீவிவிடுகிற ஒரு கை, கையில் அரக்குக் கலர் கண்ணாடி வளையல். வளையல் அம்மாவுடையது. கை நவநீதனுடையது, அதாவது என்னுடையது, பதினொன்றாம் வகுப்பு, கொஞ்ச நாளாக மணிக்கட்டில் முடி முளைக்கிறது, அப்பாவின் ரேசரில் வழித்துக்கொள்கிறேன், சோப்பு போடாமல் வழித்தால் எரியும். இந்த எரிச்சலோடு சாஃப்ட் சில்க்கைத் தடவினால் சேலையின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக உறைக்கிறது. பாருங்க தங்கச்சிங்களா, பூ மாதிரி இருக்கு, கட்டினா கட்டின மாதிரியே தெரியாது. எதிரே அப்பா சேலையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், குழந்தைவேலு, அம்சா சாரீஸின் முதலாளி, நான் காட்டி முடித்ததை வாங்கி மடித்து அடுக்குவது அவர் வேலை. இடது முழங்கைக்குப் பக்கத்தில் அப்பாவின் இன்னொரு போன், ஆர்டர் வருகிற போன், சத்தத்தை அணைத்துக் குப்புறப் போட்டிருக்கிறேன். சிரிப்பு அதற்குள்ளேதான் இருக்கிறது. இன்னும் வெடிக்கவில்லை.

எனக்கு எல்லாக் குரலும் வரும். கூரியர்காரரின் மூக்குக் குரல், ஹெட்மாஸ்டர் பிரேயரில் 'ஸைலன்ஸ்' என்று சொல்லும்போது வருகிற விசில், பக்கத்து வீட்டு விசைத்தறி நூல் அறுந்து நிற்பதற்கு முன்னால் இழுக்கிற ஒரு முனகல், எல்லாம். ஹெட்மாஸ்டர் குரலில் ஒருநாள் மைக்கில் லீவு விட்டு, பாதிப் பள்ளிக்கூடம் கேட் வரைக்கும் போய்விட்டது. கூரியர்காரர் குரலில் அப்பாவையே கூப்பிட்டு, பார்சல் எல்லாம் மழையில நனைஞ்சிருச்சுங்க முதலாளி என்றதற்கு அவர் செருப்புப் போடாமல் தெருமுனை வரை ஓடியிருக்கிறார், வானத்தில் ஒரு மேகம் கிடையாது. எல்லாரும் ஏமாறுவார்கள். அம்மா மட்டும் ஏமாறமாட்டாள். அடுப்படியில் அவள் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருக்கும்போது, நான் பின்னால் போய் பெரியம்மா குரலில், அவள் அக்கா குரலில், ஏ அம்சா, என்னடி கொழம்பு, என்று கேட்பேன், திரும்பிக்கூடப் பார்க்காமல், கை கழுவிட்டு வந்து தட்டெடு என்பாள். எப்படிம்மா கண்டுபிடிச்சே? நீ பேசறதுக்கு முன்னாடி உனக்கே சிரிப்பு வந்துருதுடா, அந்தச் சிரிப்பை முழுங்கிட்டுப் பேசறே, அது கேக்குது. அவ்வளவுதான். பிறகு அவள் சிரிப்பாள், லைவில் சிரிக்கிற சிரிப்பு இல்லை, அது வேறு, அது தங்கச்சிகளுக்கு. அதனால்தான் மத்தியானம் அப்படிச் செய்தேன். அம்மா உடனே கண்டுபிடித்துவிடுவாள் என்பதுதானே விளையாட்டே. ரெண்டு நிமிஷத்தில் கண்டுபிடிப்பாள், போன் போடுவாள், திட்டுவாள், சிரிப்பாள், அந்தச் சிரிப்பைத்தான் உங்களுக்குத் தருவதாகச் சொன்னேன். அக்கா ராமர் பச்சை இருக்கா என்று ஒருத்தி கேட்கிறாள், இருக்கு தங்கம், அடுத்து எடுக்கறேன், கேமராவுல கலர் கொஞ்சம் முன்னப்பின்னத் தெரியும், நேர்ல இன்னும் டார்க்கா இருக்கும். அப்பா ராமர் பச்சையைத் தள்ளிவிடுகிறார். தள்ளிவிட்டு, கேமராவுக்குக் கேட்கிற மாதிரி, "அக்கா, முந்தி காட்டச் சொல்றாங்க" என்கிறார். என்னைப் பார்த்து. அக்கா என்று.

அந்தச் சொல்லில்தான் என் நினைப்பு போய்ப் போய் மாட்டிக்கொள்கிறது, ஆணியில் சேலை மாட்டிக்கொள்கிற மாதிரி, இழுத்தால் கிழியும். லைவ் ஆரம்பித்த புதிதில் அப்பா கேமராவுக்குப் பின்னாலிருந்து, ஏம்மா அந்தக் கலரை எடு என்பார். அது சரியா வராது, உனக்கு ஒரு பேர் இருக்கணும், கேக்கறவங்க எல்லாருக்கும் நீ அக்காவா இருக்கணும், நானும் அப்படியே கூப்பிட்டாத்தான் மனசுல நிக்கும் என்று அவரே யோசித்து, சொந்தப் பெண்டாட்டியை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார். நாங்கள் மூணு பேரும் அன்றைக்கு எவ்வளவு சிரித்தோம். அக்கா ஜரிகை காட்டுங்க. அக்கா ஷிப்பிங் கேக்கறாங்க. பேஜ் ஏறியது, ஈரோட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தங்கச்சிகள் வந்தார்கள், அம்சா அக்கா குரலைக் கேட்டாலே மனசு லேசாகுது என்று எழுதினார்கள். அப்புறம் ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, அக்கா கொஞ்சம் ரசம் என்றார். வாய் தவறித்தான். அம்மா ரசம் ஊற்றினாள். அப்புறம் அது தவறாமலே வந்தது. அக்கா துண்டு எங்கே, அக்கா கரண்ட் பில் கட்டியாச்சா. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து தொண்டை கட்டிப் பாயில் சுருண்டு கிடந்த அன்றைக்கு, தலைமாட்டில் குந்தி, நெற்றியில் கையும் வைத்துப் பார்த்து, "அக்கா, இன்னிக்கு லைவ் போடலைன்னா பேஜ் இறங்கிரும்" என்றார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். அம்மா எழுந்து முகம் கழுவி, சாயங்கால லைவுக்கு வந்து, அந்தக் கட்டின தொண்டையோடு கலகலவென்று பேசி முடித்தாள். மறுநாள் காலை குமாரபாளையத்துக்குப் பெரியம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினாள். போகும்போது அப்பாவிடம், "இந்த வீட்ல எனக்குப் புருசனும் இல்ல, பேரும் இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். அப்பா அதைக் கோபம் என்று நினைத்தார், ரெண்டு நாளில் தணியும் என்று நினைத்தார். ரெண்டு நாளைக்கு லைவ் இல்லாமல் இருக்க முடியுமா. நான் சும்மா விளையாட்டுக்கு, வணக்கம் என் அன்புத் தங்கச்சிங்களா, என்றேன். அப்பா கையிலிருந்த சேலையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து வளையலை எடுத்தார்.

விளையாட்டுதான். யாருக்கும் தெரியவில்லை, ஒருத்திக்கும் தெரியவில்லை, அக்கா இன்னிக்கு ரொம்ப ஹாப்பி போல என்று இதயம் விட்டார்கள், நான் மேஜைக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டு உள்ளுக்குள் சிரித்தேன். ஆனால் குரல் ஒன்றும் சட்டை இல்லை, லைவ் முடிந்ததும் கழற்றி மாட்டுவதற்கு. ஒருநாள் சாக்ஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன், என் வாயிலிருந்து, இங்கதான்டா கண்ணு முன்னாடி கெடக்குது என்று வந்தது. நான் அழைக்கவில்லை. அதுவாக வந்தது. வேறொரு காலை குளியலறையிலிருந்து அப்பா, துண்டு எங்கே என்று கேட்டார், கொடியில கெடக்குதுங்க என்று சொல்லிவிட்டேன், அம்மாவாக, அந்த 'ங்க'வை அவள் லேசாக விழுங்குகிற மாதிரியே. உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. அப்புறம் அப்பா, "சரிம்மா" என்றார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் நீட்டினார், நான் துண்டைக் கொடுத்தேன், அந்தக் கை துண்டோடு என் விரலையும் ஒரு நொடி பிடித்திருந்துவிட்டு உள்ளே போனது. அன்றைக்குத்தான் எனக்குப் பயம் பிடித்தது. நான் நன்றாகச் செய்யச் செய்ய அம்மா வரவேண்டிய அவசியம் குறைந்துகொண்டே போகிறது. கடை ஓடுகிறது, குரல் இருக்கிறது, துண்டுக்குப் பதிலும் வருகிறது. இத்தனை வாரத்தில் அப்பா குமாரபாளையத்துக்கு ஒருதடவைகூடப் போகவில்லை. நான்தான் அம்மாவை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறேன், அவள் குரலாலேயே சாத்திக்கொண்டிருக்கிறேன். இதில் பாருங்கள், இன்னொரு கூத்து, என் குரல் உடைகிறது. மேலே போகும்போது படக்கென்று அறுகிறது. போன வாரம் மாம்பழக் கலர் என்று சொல்லும்போது 'மா' அம்மாவிடமும் 'பழம்' அப்பாவிடமும் இருந்தது. அக்கா தொண்டை சரியில்லையா, சுக்குத் தண்ணி குடிங்க என்று ஊரே வைத்தியம் சொன்னது. அம்மா என் தொண்டையிலிருந்தும் போய்க்கொண்டிருக்கிறாள். போகிற இடத்தில் அப்பா வந்து உட்காருகிறார். அவர் செருமல், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டு மூச்சு விடுகிற அந்த இடம், எல்லாம் கஷ்டப்படாமல் வருகிறது.

அதனால்தான் இன்றைக்கு, பள்ளிக்கூடம் லீவு, மத்தியானம் அப்பா பார்சல்களோடு கூரியர் ஆபீஸுக்குப் போனதும் இந்தப் போனை எடுத்து, வாட்ஸ்அப்பில் அம்மாவின் பெயரைத் தேடிப் பிடித்து, மைக்கை அழுத்திப் பேசினேன். க்ஹும். அம்சா. நான்தான். நான் உன்னை அப்படிக் கூப்பிட்டிருக்கக் கூடாது. கடைக்காகச் சொல்லல. கடை கெடக்குது. நீ இல்லாம இந்த வீட்ல, இங்கே ஒரு மூச்சு, எவ்ளோ சத்தம் கேட்டாலும் ஒண்ணும் நெசமா இல்ல. வந்துரு. அனுப்பிவிட்டேன். பத்தாம் வகுப்பில் காலாண்டுப் பேப்பரில் அப்பா கையெழுத்தைப் போட்டதுகூட இவ்வளவு சுத்தமாக வந்ததில்லை. அப்புறம் பழகிய சந்தோஷம், காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், இப்போது திட்டுவாள், இப்போது கூப்பிடுவாள். மைக் நீலமாயிற்று. கேட்டுவிட்டாள். கூப்பிடவில்லை. மறுபடி கேட்டாளோ என்னவோ, எத்தனை தடவை கேட்டாள் என்று போன் சொல்லாது. பிறகு எழுதினாள், கேட்டேன். அப்புறம், போன்ல பேச வேண்டாம், நேர்ல பேசிக்கலாம். அப்புறம், வரேங்க. அந்த 'ங்க' அப்பாவுக்கு, எனக்கில்லை, ஆட்டிக்கொண்டிருந்த காலை நிறுத்தினேன். நான் சிரிப்பை முழுங்கவில்லை. ஞாபகம் வருகிறது, பேசும்போது எனக்குச் சிரிப்பே வரவில்லை, முழுங்குவதற்கு ஒன்றும் இல்லை, அதுதான் அவளுக்குக் கேட்கவில்லை. தங்கச்சிங்களா, இது சிங்கிள் பீஸ்தான், வேணுங்கறவங்க உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்ல போடுங்க, பார்சல் பிரிக்கற வீடியோ இல்லாம ரிட்டர்ன் எடுக்கமாட்டோம், அக்காவைத் தப்பா நினைச்சுக்காதீங்க.

போனை விரலால் லேசாக நிமிர்த்திப் பார்க்கிறேன். ஆர்டர், ஆர்டர், ஆர்டர், நடுவே அம்மா. சங்ககிரி வந்துட்டேன். சங்ககிரி. சங்ககிரியில் மலை தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் அம்மா எப்போதும் மலையைக் காட்டுவாள். இப்போது யாருக்குக் காட்டுவாள். நான் எழுதலாம். அம்மா நான்தாம்மா, சும்மா வெளாட்டு. ஒற்றைக் கையால் எழுதுகிறேன், வலது கை சேலையை நீவிக்கொண்டிருக்கிறது, எழுதிவிட்டு அழிக்கிறேன். அனுப்பினால் அவள் எங்கே இறங்குவாள். அடுத்த ஸ்டாப்பில், பையோடு, வெயிலில், தெரியாத ஒரு டீக்கடை முன்னால் நின்று இந்தப் பக்கம் போவதா அந்தப் பக்கம் போவதா என்று பார்ப்பாள். அனுப்பாவிட்டால் இங்கே வருவாள், வந்து அப்பா முகத்தைப் பார்ப்பாள். அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவின் முகம் பொய் சொல்லப் பழகாத முகம். அதைவிட, இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்கு அவள் வரவேண்டும். பொய்யில் ஏறி வந்தாலும் வரவேண்டும். "அக்கா, கோயமுத்தூர் சிஸ்டர் ரேட் கேக்கறாங்க." சொல்றேன், சொல்றேன், ரேட்டெல்லாம் இன்பாக்ஸ்ல. "தண்ணி குடிச்சுக்கோ" என்று அப்பா கேமராவுக்குக் கேட்காத குரலில் சொல்லி டம்ளரை நகர்த்துகிறார், "தொண்டை கரகரங்குது." பிறகு கையை நீட்டுகிறார், என்னை நோக்கி அல்ல, போனை நோக்கி. "ஆர்டர் எவ்ளோ ஆச்சுன்னு பாக்கறேன் குடு." நான் அதன்மேல் ராமர் பச்சையைப் பிரித்துப் போடுகிறேன், அப்பா, முந்தி, முந்தியை அந்தப் பக்கம் இழுங்க, இதையும் அம்மா குரலிலேயே சொல்கிறேன், அம்மா குரலில் அப்பா என்கிறேன், திரையில் ஒரு தங்கச்சி, அக்கா யாரை அப்பாங்கறீங்க, என்று சிரிக்கிற மஞ்சள் முகத்தோடு கேட்கிறாள். எங்க வீட்டுக்காரரைத்தான் தங்கம், பையன் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் தொத்திக்கிச்சு. இதயம், இதயம், இதயம். அப்பா முந்தியை இழுத்துப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். அவர் காது சிவந்திருக்கிறது. பச்சைக்கு அடியில் போன் ஒருதரம் அதிர்கிறது, சேலைக்குள் ஏதோ சின்ன உயிர் மாட்டிக்கொண்ட மாதிரி. மகுடஞ்சாவடி வந்துட்டேன் என்பதாகத்தான் இருக்கும். அங்கிருந்து டவுன் பஸ். டவுன் பஸ் கிடைக்காவிட்டால் ஷேர் ஆட்டோ. எத்தனை சேலை காட்டினால் அவள் வந்து சேர்வாள். கத்திரிப்பூ, வெங்காயக் கலர், மயில்கழுத்து, ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பிரிக்க அவள் கிட்டே கிட்டே வருகிறாள், நானே பாதை விரித்துக்கொண்டிருக்கிற மாதிரி, நானே கூப்பிட்டு நானே பதில் சொல்லி. வீட்டுக்குள் ஒரு அம்சா பேசிக்கொண்டிருக்கிறாள், ரோட்டில் ஒரு அம்சா வந்துகொண்டிருக்கிறாள், ரெண்டு பேரும் சந்தித்தால் எவளாவது ஒருத்தி போயாகவேண்டும். அது நானாக இருக்கட்டும். நானாக இருந்தால், அப்புறம் நான் என்ன குரலில் பேசுவேன். தேடிப் பார்க்கிறேன், லைவ் ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்ளே தேடுகிறேன், ஹெட்மாஸ்டர் இருக்கிறார், கூரியர்காரர் இருக்கிறார், தறி முனகுகிறது, அப்பா செருமுகிறார். நவநீதன் எங்கேயோ கண்ணு முன்னாடிதான் கெடக்கணும்.

வாசலில் வெளிச்சம் மாறியது. செருப்பைக் கழற்றுகிற சத்தம், முதலில் இடது, பிறகு வலது. அப்பா வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார், நான்தான் வாசலைப் பார்த்தபடி. அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், தோளில் துணிப்பை, பஸ்ஸில் காற்றடித்துத் தலை கலைந்து, முகத்தில் பவுடர் போட்டு அது வியர்த்துத் திட்டுத்திட்டாக. பவுடர் போட்டிருக்கிறாள். அது என்னை என்னவோ செய்கிறது. நான் பேசிக்கொண்டிருக்கிறேன், வாயை நிறுத்தமுடியவில்லை, இந்த மயில்கழுத்து என்ன அழகு பாருங்க, எனக்கே குடுக்க மனசு வரல தங்கச்சிங்களா, அம்மா அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறாள், பக்கத்து அறையில் யாரோ தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நின்று கேட்கிறவள்போல, தலையைக் கொஞ்சம் சாய்த்து. கடைசிச் சொல்லில் குரல் அறுந்தது. அப்பா என் கண் போன இடத்தைப் பார்த்துத் திரும்பினார். கையிலிருந்த முந்தி நழுவி மேஜையில் விழுந்தது. "நீ... எப்ப வந்தே? சொல்லாம கொள்ளாம?" அம்மா முகத்தில் வந்துகொண்டிருந்த என்னவோ ஒன்று பாதியில் நின்றது. "நீங்கதானுங்க வரச் சொன்னீங்க." "நானா?" என்றார் அப்பா. அவ்வளவுதான், முடிந்தது. அம்மா தன் போனை எடுத்து, கட்டைவிரலால் தடவி, காதுக்கு வைக்காமல் முன்னால் நீட்டினாள். க்ஹும், அம்சா, நான்தான், என்று அப்பா அந்தப் போனிலிருந்து பேசினார். அப்பா உட்கார்ந்தபடியே அப்பாவைக் கேட்டார். அது ஓடி முடிகிறவரை அவர் அசையவே இல்லை, நீ இல்லாம இந்த வீட்ல, அந்த மூச்சு, ஒண்ணும் நெசமா இல்ல, வந்துரு. முடிந்த பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கண் என் மணிக்கட்டில் நின்றது, வளையலுக்குக் கீழே ரேசர் கீறின சிவப்பில். மறுபடி அம்மாவைப் பார்த்தார். "ஆமா" என்றார். "ஆமா. நான்தான். நான்தான் அனுப்பினேன்." அவ்வளவு சின்னக் குரல். நான் எடுத்துவைத்திருக்கிற அப்பா குரல்களில் அப்படி ஒன்று கிடையவே கிடையாது, செருமல் இல்லாமல், நடுவில் நிறுத்தம் இல்லாமல், ஒரு பையன் மாட்டிக்கொண்டு சொல்கிற மாதிரி. அம்மா அவரைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பார்த்தாள். பிறகு என்னை, வளையலை, திறந்த வாயை, ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல். "நவநீ" என்றாள். "அம்மா" என்றேன், அது யாருடைய குரலாகவும் வரவில்லை, ஓட்டைக் குழாயில் காற்றுப் போகிற மாதிரி வந்தது. கண்டுபிடித்துவிட்டாள். திரையில் தங்கச்சிகள், அக்கா சத்தம் வரல, அக்கா யாரு பேசறது, அக்கா ரெண்டு குரல் கேக்குது, என்று மேலே மேலே ஓடிக்கொண்டிருந்தார்கள். அப்பா பதறி எழுந்து தொங்குகிற போனை அணைக்கக் கையைத் தூக்கினார், "லைவ் ஓடுதும்மா, லைவ்ல கேக்குது." அம்மா பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. உள்ளே ஒரு எட்டு எடுத்துவைத்து, மேஜையில் கிடந்த மயில்கழுத்தை ஓரமாக ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் தன் கையை ஊன்றி நின்றாள்.

"ஓடட்டும்ங்க" என்றாள். "அவன் சொன்னதை இப்ப நீங்க சொல்லுங்க."